13 புள்ளிக் கோலம், ஒரு கட்டு வெள்ளை நூல்: அர்ச்சனைத் தட்டு மூடும் துணி தைத்த பதிவு

செய்த பொருள்: 40 செ.மீ. சதுரத் துணி ஒன்று. காவிச் சிவப்புப் பருத்தி, நடுவில் வெள்ளை நூலில் 1-3-5-3-1 சிக்குக் கோலம், புள்ளிகள் மட்டும் மஞ்சள். மொரீஷியஸில் தைப்பூசக் காவடிக்கு அர்ச்சனைத் தட்டும் பாற்செம்பும் கோயிலுக்குப் போகும்போது மேலே போட்டுக்கொள்ள ஏற்ற அளவு. கை எம்பிராய்டரி பழகத் தொடங்கும் ஒருவர் முதல் முழு வேலையாகவே இதை எடுக்கலாம். கோலத்துக்குக் காம்புத் தையலும் முடிச்சுத் தையலும், ஓரத்தை மடித்துத் தைக்க எம்மிங், இவ்வளவுதான் வேண்டும்.

100 நிற நூல் பெட்டியோடு இந்தப் பொழுதுபோக்கைத் தொடங்குவதை நாங்கள் ஆதரிப்பதில்லை. பெயரில்லாப் பெட்டி நூல்களில் இழை ஒரே பருமனாக இருக்காது, சாயம் இறங்கும், தீர்ந்த நிறத்தைத் திரும்ப வாங்க எண்ணும் இருக்காது. அதே பணத்தில் நல்ல நூல் இரண்டு கட்டு, நல்ல ஊசி ஒரு பொட்டலம், நல்ல துணி அரை மீட்டர் வாங்கிவிடலாம். விலை கடைக்குக் கடை மாறும், தேவைப்படும் அளவு மாறாது. ஆகவே முதலில் அளவுக் கணக்கு, பிறகுதான் நூலும் ஊசியும் விற்கும் மெர்சரி கடை.

கோலத்தைத் தாளில் போட்டுப் பார்த்தால் கணக்கு தானாக வரும். புள்ளிக்குப் புள்ளி 2.5 செ.மீ. இடைவெளி. ஒவ்வொரு புள்ளியையும் நான்கு வளைவுகள் சூழ்கின்றன. 13 புள்ளிக்கு 52 வளைவு. ஒரு வளைவு வளைந்து போகும் நீளம் சுமார் 1.9 செ.மீ. என்று வைத்தால், மொத்தக் கோடு 99 செ.மீ., அதாவது ஒரு மீட்டர். காம்புத் தையலில் ஊசி மேலே 4 மி.மீ. போகும், அடியில் 2 மி.மீ. திரும்பும், கோடு நகர்வது 2 மி.மீ. தான். ஆகவே கோட்டின் நீளத்தைப் போல மூன்று மடங்கு நூல் செல்லும். கெட்டித் தையலிலும் இதே மூன்று மடங்குதான். சங்கிலித் தையலுக்கு நான்கு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கண்ணி இறுகாமல் இருக்கக் கொஞ்சம் தளர்வு விட வேண்டும். ஓட்டுத் தையல் ஒன்றேகால் மடங்கோடு நின்றுவிடும். இடத்தை நிரப்பும் சாட்டின் தையல்தான் நூலைக் குடிப்பது: இரண்டு இழையில் ஒரு சதுர செ.மீ. நிரப்பவே 40 செ.மீ. நூலுக்கு மேல் போகும். பெரிய பூ, பெரிய மயில் என்று முதலிலேயே இறங்குகிறவர்கள் பாதியில் நூல் தீர்ந்து நிற்பது இதனால்தான்.

நம் கோலத்துக்கு மூன்று மீட்டர் தையலில் போகிறது. ஒரு முறை ஊசியில் கோக்க வெட்டும் நூல் 45 செ.மீ., அதில் தொடக்க வாலும் முடிவு வாலும் போக 35 செ.மீ. பயன்படும். ஒன்பது முறை கோக்க வேண்டும், ஆக 4 மீட்டர் சொச்சம். ஒரு கட்டு 8 மீ. நீளம், ஆறு இழை. மூன்று மூன்று இழையாகப் பிரித்தால் 16 மீ. கிடைக்கும். ஒரே கட்டில் இப்படி மூன்று துணி தைத்த பிறகும் சற்று மிஞ்சும். மஞ்சளில் ஒரு கட்டு வாங்கினால் ஆண்டுக்கணக்கில் வரும். எங்கள் துணியில் வெள்ளை டி.எம்.சி. பி5200, மஞ்சள் 743. பிரான்சின் முல்ஹவுஸ் நகரில் 1746இல் தொடங்கிய நிறுவனம் அது. நிற எண் எல்லா ஊரிலும் ஒன்றே என்பதால் கட்டைச் சுற்றிய காகிதத்தைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள்.

துணிக்கு வருவோம். அரை மீட்டர் வாங்கினால், 112 செ.மீ. அகலத் துணியில் சுமார் 48 செ.மீ. சதுரம் இரண்டு வெட்டலாம். ஓரத்தில் மிஞ்சும் பட்டைதான் பழகுதுணி. காத்ர் போர்ன் சந்தையில் வியாழனும் ஞாயிறும் துணி விற்பனை நடக்கும். ஆலை மிச்சத் துணிகளும் கிடைக்கும், விலையும் மலிவு. ஆனால் இந்தத் தீவின் ஆலைகளில் டி-சர்ட் வகைப் பின்னல் துணி மிகுதி, மிச்சத்திலும் அதுதான் நிறைய வரும். பின்னல் துணி, தைக்கும்போது துணியை இறுக்கிப் பிடிக்கும் வளையத்தில் இழுபட்டு, கழற்றியதும் சுருங்கி, கோலம் கசங்கிப்போகும். வெட்டிய ஓரத்தை இழுத்துப் பாருங்கள். சுருண்டுகொண்டால் அது பின்னல், வேண்டாம். நெசவுத் துணி என்றால் ஒரு நூலை உருவி எரித்துப் பாருங்கள். காகிதம் எரியும் மணமும் பொடிச் சாம்பலும் வந்தால் பருத்தி. உருகி நுனியில் கெட்டி மணி திரண்டால் பாலியெஸ்டர் கலப்பு. கலப்புத் துணியில் ஊசி வழுக்கிப் போகும், இஸ்திரிக்கும் கோடு படியாது.

சிவப்புத் துணி, வெள்ளை நூல் என்றாலே சாயச் சோதனை இல்லாமல் ஒரு குத்தும் போடக்கூடாது. ஓரப் பட்டையிலிருந்து ஒரு விரல் அகலத் துண்டை வெட்டி, வெள்ளைப் பருத்தித் துணியோடு சேர்த்துச் சுருட்டி, வெந்நீரில் அரை மணி நேரம் ஊற வையுங்கள். எடுத்ததும் பிரிக்காமல் மேலே இஸ்திரி வைத்து அழுத்துங்கள். வெள்ளையில் இளஞ்சிவப்பு ஏறினால் முழுத் துணியையும் நீர் தெளியும் வரை அலச வேண்டும். ஐந்தாறு நீர் மாற்றியும் நிறம் வந்துகொண்டே இருந்தால் அந்தத் துணி வெள்ளை நூலுக்கு ஆகாது, வேறு வேலைக்கு வையுங்கள். உப்பும் வினிகரும் போட்டால் சாயம் பிடித்துக்கொள்ளும் என்று வீடுகளில் சொல்வார்கள். கடைத் துணியின் சாயத்தை அவை கட்டி நிறுத்துவதில்லை. சோதனையில் தேறிய துணியையும் வெட்டுவதற்கு முன் ஒரு முறை துவைத்துக் காய வைத்து இஸ்திரி போடுங்கள். பருத்தி முதல் துவைப்பில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு சுருங்கலாம். 40 செ.மீ.க்கு அது 2 செ.மீ. வரை. தைத்த பிறகு சுருங்கினால் துணி சுருங்கும், நூல் அந்த அளவுக்குச் சுருங்காது, கோலம் மேடு மேடாக எழும்பி நிற்கும்.

கோலம் வரைதல்

துணியை நான்காக மடித்து விரலால் நீவினால் நடு தெரியும். அந்த இடத்தில் முதல் புள்ளி. மற்றப் புள்ளிகளை அளவுகோலால் வைக்கும்போது துணியின் விளிம்பைப் பார்க்காதீர்கள், நீளவாக்கில் ஓடும் பாவு நூலையும் குறுக்கே ஓடும் ஊடை நூலையும் பார்த்து வையுங்கள். விளிம்பு சாய்வாக வெட்டப்பட்டிருக்கலாம். நூலோட்டத்துக்குச் சாய்ந்து வைத்த புள்ளிகள் துவைத்த பிறகு கோலத்தைச் சாய்சதுரமாக இழுத்துவிடும். வரையத் தையல்காரர் சோப்புத் துண்டு அல்லது கூர்மையான வெள்ளைப் பென்சில் போதும். இஸ்திரிச் சூட்டில் மறையும் பேனா அடர்நிறத் துணியில் வெளிறிய தடம் விட்டுச் செல்லும். நீரில் கரையும் நீலப் பேனா சிவப்பில் தெரியவே தெரியாது.

இந்தக் கோலத்தில் ஒரு சிறப்பு இருக்கிறது, தைப்பதற்கு முன் அதைத் தெரிந்துகொண்டால் வேலை பாதியாகும். பார்க்க ஒரே கோடு போலத் தோன்றினாலும் இது மூன்று தனிக் கோடுகள். வெளியே நான்கு மூலையிலும் சுழி வைத்த பெரிய சாய்சதுரம் ஒன்று, 28 வளைவு. அதற்குள் மூலைவிட்டமாக ஒன்றையொன்று பின்னும் நீள் வளையங்கள் இரண்டு, ஒவ்வொன்றும் 12 வளைவு. விரலால் கோட்டைத் தொட்டுக்கொண்டே போய்ப் பாருங்கள், புறப்பட்ட இடத்துக்கு வந்தபின்னும் சில கோடுகள் தொடப்படாமல் இருக்கும். அதனால் தையலையும் மூன்று பகுதியாகப் பிரித்துக்கொள்ளலாம்: பெரிய கோடு 53 செ.மீ., சின்னவை இரண்டும் தலா 23 செ.மீ. தொடக்கக்காரர் சின்ன வளையத்தில் தொடங்குவது நல்லது. அதற்குள் கை பழகிவிடும், மூலைச் சுழிகளின் நெருக்கமான வளைவு கடைசியில் வரும்.

கோடுகள் ஒன்றையொன்று கடக்கும் வெட்டுகள் 16. நீள் வளையங்கள் தங்களுக்குள் நான்கு இடத்தில், பெரிய கோட்டோடு எட்டு இடத்தில், பெரிய கோடு மூலைச் சுழிகளில் தன்னையே நான்கு இடத்தில் வெட்டுகின்றன. ஒவ்வொரு வெட்டிலும் எந்தக் கோடு மேலே, எது கீழே என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கோட்டைத் தொடர்ந்து போனால் மேல், கீழ், மேல், கீழ் என்று மாறி மாறி வர வேண்டும். அப்போதுதான் பின்னல் தெரியும்.

துணி மாட்டும் மரவளையம் 18 செ.மீ. கோலத்தின் அகலம் 13 செ.மீ. வரும். 15 செ.மீ. வளையத்திலும் அடங்கும், ஆனால் மூலைச் சுழிகள் விளிம்பில் நசுங்கும். உள் வளையத்தைப் பருத்தி நாடாவால் சரிவாகச் சுற்றித் தையல் போட்டுவிடுங்கள். 1.5 செ.மீ. அகல நாடா என்றால், பாதிக்குப் பாதி படியும்படி சுற்ற 2.5 மீ. போல ஆகும். நாடா இல்லாத மரவளையத்தில் துணி வழுக்கித் தளரும். தளர்ந்த துணியில் நூலை இழுக்கும் ஒவ்வொரு முறையும் துணியும் சேர்ந்து வரும், சுருக்கத்துக்கு முதல் காரணம் அதுதான். இரண்டாவது காரணம் இதற்கு நேர் எதிர்: திருகை முறுக்கி முறுக்கித் துணியின் நூலோட்டமே வளையும்படி இழுத்துவிடுவது. வளையத்திலிருந்து கழற்றியதும் துணி பழைய நிலைக்குத் திரும்பும், நூல் மேலே தொய்ந்து நிற்கும். விரலால் தட்டினால் மெல்லொலி வர வேண்டும், பாவும் ஊடையும் நேராக இருக்க வேண்டும். அந்த இறுக்கம் போதும்.

தையல்

ஊசி எம்பிராய்டரி 7ஆம் எண். எண் கூடக் கூட ஊசி மெலியும். மூன்று இழைக்கு 9ஆம் எண் எடுத்தால் சின்னக் காதில் நூல் உராய்ந்து பிசிறு வரும். 3ஆம் எண் எடுத்தால் துணியில் துளை மூடாமல் நிற்கும். இழைகளை மூன்றாகச் சேர்த்து ஒரே இழுப்பில் உருவக்கூடாது, சிக்கிக்கொள்ளும். ஒவ்வொன்றாக மேலே இழுத்துப் பிரித்து, மூன்றையும் மறுபடி சேர்த்துக் கோக்க வேண்டும். இப்படிச் சேர்த்த நூலில் பழைய முறுக்கு போய்விடும், துணியில் பரந்து படியும், அதே மூன்று இழை கூடுதல் வெள்ளையாகத் தெரியும். தேங்காய் எண்ணெய் தடவிய தலையைத் தொட்ட கையால் வெள்ளை நூலைத் தொடாதீர்கள். முதலில் கறை தெரியாது, நாளாக ஆக மஞ்சளாகும்.

காம்புத் தையலை இடமிருந்து வலமாகப் போடுங்கள். ஊசி வெளியே வந்த இடத்திலிருந்து 4 மி.மீ. முன்னே குத்தி, அதில் பாதி தூரம் பின்னே, முந்தைய தையலுக்குப் பக்கத்தில் எடுக்க வேண்டும். நூல் எப்போதும் கோட்டுக்குக் கீழ்ப்புறமே தொங்க வேண்டும். இதுதான் விதி, இதை விட்டால் தையல் கெடும். சில தையல்களில் நூலை மேல்புறம் தள்ளிவிட்டால் கயிறு முறுக்குப் போன்ற அழகு அந்த இடத்தில் எதிர்த்திசைக்குத் திரும்பி, முறிந்த கோடாகத் தெரியும். பார்வைக்கு ஏதோ சரியில்லை, என்னவென்று புரியவில்லை என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். வளைவில் தையலை 3 மி.மீ. ஆக்குங்கள், மூலைச் சுழியில் இரண்டு, இரண்டரை. நீளத் தையல் வளைவில் வளையாது, நேராக வெட்டிக்கொண்டு போய்ச் சுழியைக் கோணலாக்கும். கோலம் முழுவதற்கும் குறைந்தது 500 குத்து வரும்.

நூலுக்கு முடிச்சுப் போட்டுத் தொடங்காதீர்கள். 5 செ.மீ. வால் விட்டுத் தொடங்கி, பிறகு அதை அடித் தையல்களுக்குள் ஐந்தாறு இடத்தில் நுழைத்து வெட்டுங்கள். முடிச்சு இஸ்திரியில் மேலே புடைத்துத் தெரியும், துவைப்பில் அவிழவும் செய்யும். பத்துக் குத்துக்கு ஒரு முறை ஊசியைத் தொங்கவிடுங்கள், நூல் தானாகச் சுற்றி முறுக்கை விடும்.

வெட்டு வந்ததும் கவனம் வேண்டும். மூன்று இழைக் காம்புத் தையலின் அகலம் சுமார் 1.5 மி.மீ. மேலே போகும் கோடு நிற்காமல் போகும். கீழே போகும் கோட்டை வெட்டுப் புள்ளிக்கு 1.5 மி.மீ. முன் முடித்து, நூலை அடியில் கொண்டுபோய், வெட்டுக்கு 1.5 மி.மீ. தாண்டி வெளியே எடுத்துத் தொடருங்கள். மொத்த இடைவெளி 3 மி.மீ. மேல்கோடு அதன் நடுவில் இருபுறமும் துளி சிவப்புத் தெரிய அமர்ந்திருக்கும். இடைவெளி 2 மி.மீ. ஆனால் இரண்டும் ஒட்டி முண்டு விழும். 5 ஆனால் கோடு அறுந்தது போலாகும். வெட்டுக்கு முன்னும் பின்னும் வரும் குத்துகளை மட்டும் பென்சிலால் புள்ளி வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

கோடுகள் முடிந்தபிறகே புள்ளி முடிச்சு. முதலிலேயே முடிச்சுப் போட்டால் வளையத்தை நகர்த்தும்போது நசுங்கும். இன்னொரு காரணமும் உண்டு. ஒரு புள்ளியிலிருந்து அடுத்ததற்கு அடியில் நூல் 2.5 செ.மீ. தாண்ட வேண்டும். ஒன்றரை செ.மீ.க்கு மேல் தொங்கும் நூல் விரலிலோ தட்டின் விளிம்பிலோ மாட்டி இழுபடும். ஆனால் இரண்டு புள்ளிக்கு நடுவே சரியாக ஒரு வெட்டு இருக்கிறது. அந்த வெட்டின் அடித் தையலுக்குள் ஊசியை நுழைத்துப் போனால் தொங்கல் ஒன்றேகால் செ.மீ. ஆகப் பாதியாகிவிடும். நடு வரிசையின் ஐந்து புள்ளிகள் ஒரே நூலில், மேலும் கீழும் மும்மூன்று புள்ளிகள் ஒவ்வொரு நூலில், உச்சிப் புள்ளிக்கும் அடிப் புள்ளிக்கும் தனி நூல்.

முடிச்சுக்கு நூலை ஊசியில் இரண்டு சுற்று, இடது கையால் நூலை இறுக்கிப் பிடித்தபடியே ஊசியை இறக்குங்கள். வந்த துளையிலேயே திரும்ப இறக்கினால் முடிச்சு முழுவதும் அடிப்பக்கம் போய்விடும். ஒரே ஒரு துணி நூல் தள்ளி இறக்கினால் போதும், அந்த நூல் முடிச்சைத் தாங்கும். பிடி தளர்ந்தால் முடிச்சு நிற்காமல் கண்ணியாகத் தொங்கும்.

ஓரம் மடித்தல்

தைத்து முடித்த துணியை, கோலத்தின் நடுவிலிருந்து ஒவ்வொரு பக்கமும் 22 செ.மீ. அளந்து 44 செ.மீ. சதுரமாக வெட்டுங்கள். முன்பே சரியாக வெட்டாமல் 48 வைத்தது இதற்காகத்தான், வளையத்தில் ஓரம் பிசிறும், கோலமும் சற்று நகரும். 1 செ.மீ. மடிப்பு, அதன்மேல் இன்னொரு 1 செ.மீ., இரண்டையும் இஸ்திரியால் படிய வைத்துத் திறந்துவிடுங்கள். மூலையில் உள் மடிப்புக் கோடுகள் சந்திக்கும் புள்ளி வழியாக முனையைச் சாய்வாக உள்ளே மடித்து, அந்தச் சாய்கோட்டுக்கு வெளியே அரை செ.மீ. விட்டு முனையை வெட்டுங்கள். பிறகு பக்கங்களைப் பழையபடி மடித்தால் மூலை 45 பாகையில் கூடும். மூலையை வெட்டாமல் மடித்தால் துணி பல அடுக்காகி ஊசி ஏறாது. எம்மிங்குக்குச் சிவப்புத் தையல் நூல் 5 மீ. போல ஆகும். 6 மி.மீ.க்கு ஒரு குத்து, மேல்துணியில் ஒரே ஒரு நூலை மட்டும் எடுத்தால் முன்பக்கம் எதுவும் தெரியாது.

கழுவுதல் குளிர்ந்த நீரில், மென்மையான சோப்பு, பிழியக்கூடாது. துண்டில் சுருட்டி அழுத்தி நீரை எடுத்து நிழலில் காய வையுங்கள். இஸ்திரிக்குக் கனமான துண்டை விரித்து, துணியை முகம் கவிழ்த்துப் பின்பக்கம் போடுங்கள், முடிச்சுகள் துண்டுக்குள் புதைந்து மேடு காக்கும். இத்தனை சோதனைக்குப் பிறகும் சிவப்பு வெள்ளையில் இறங்கிவிட்டால், காய விடாதீர்கள், இஸ்திரி கிட்டவே வேண்டாம், சூடு சாயத்தை நிலைக்கச் செய்யும். அப்படியே நிறையக் குளிர்ந்த நீரில் போட்டு, தெளியும் வரை நீரை மாற்றுங்கள். ஈரம் இருக்கும்வரை மீட்க வழி உண்டு.

நம் தீவில் தனியாகச் சொல்ல வேண்டியது ஈரப்பதம். நவம்பர் முதல் மே நடுப்பகுதி வரை புயல் காலம், தைப்பூசம் அதற்கு நடுவில் வருகிறது. கை வியர்க்கும், ஊசியின் மேற்பூச்சு வியர்வையில் தேயும், தேய்ந்த ஊசியைத் துணியில் குத்தியபடி இரண்டு நாள் விட்டால் பழுப்புத் துருப் பொட்டு. வெள்ளைத் துணியில் எலுமிச்சைச் சாறும் உப்பும் வெயிலும் துருவை எடுக்கும். சிவப்பில் அதைச் செய்தால் துரு போகும் இடத்தில் சாயமும் வெளுக்கும். ஆகவே ஊசியை எப்போதும் துணியை விட்டு எடுத்து, மூடி இறுகிய டப்பாவில், மருந்துப் புட்டிகளில் வரும் சிலிக்கா பொட்டலத்தோடு வையுங்கள். வளையத்தையும் ஒவ்வொரு நாளும் கழற்றிவிடுங்கள், ஈரக் காற்றில் வட்டத் தடம் அழுக்கோடு சேர்ந்து நிலைத்துவிடும். கியூர்பீப் பக்கம் மேட்டு நிலத்தில் இருப்பவர்களுக்கு ஆண்டு முழுவதுமே இந்தக் கவனம் வேண்டும். கோட்டு வேலையை ஜூன் முதல் செப்டம்பருக்குள் முடித்து, ஓரம் மடிப்பதை மட்டும் பிறகு வைத்துக்கொள்வது நல்ல திட்டம். புயல் எச்சரிக்கை மூன்றாம் வகுப்புக்குப் போய் வீட்டுக்குள் இருக்கும் நாளில் தைக்க ஆசை வரும், ஆனால் மின்சாரம் போன மெழுகுவத்தி வெளிச்சத்தில் வெட்டுகளைத் தொடாதீர்கள். எம்மிங் போடலாம்.

அரை மீட்டரில் மிஞ்சிய இரண்டாவது சதுரத்துக்கு மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு புள்ளி என்ற கோலத்தைச் சொல்வோம். இப்படிச் செவ்வகமாக அடுக்கி எல்லா இடத்திலும் கோடுகள் வெட்டும்படி போட்டால், இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தி எவ்வளவோ அத்தனை கோடுகள் வரும். மூன்றுக்கும் நான்குக்கும் அது 1, ஆகவே முழுக் கோலமும் ஒரே கோடு. 48 வளைவு, 91 செ.மீ., 17 வெட்டு, அகலம் 10 செ.மீ., உயரம் ஏழரை. முதல் துணியில் மிஞ்சிய வெள்ளையும் மஞ்சளுமே இதற்குப் போதும், புதிதாக எதுவும் வாங்க வேண்டாம்.